நற்சிந்தனையும் சிந்தையடக்கமும்

தியானம் என்னும் சொல் முன்னாளில் ஆலயத்திலும் ஆச்சிரமத்திலுமே வழங்கியது. இந்நாளிலோ வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் தொழிலகத்திலும் அது வழங்குகின்றது. 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை டிசெம்பர் 21ஆம் நாளை உலக தியான தினமெனப் பிரகடனஞ் செய்தது. அத்தீர்மானத்தை முன்வைத்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பெருவழக்குப் பெற்ற சொல் பொருள் நெகிழ்ந்து போதல் இயல்பு. தியானமாவது மனத்தை வெறுமையாக்குதல் என்றும், வெறுமையானவிடத்து உளநெருக்கீடு தானே அகலும் என்றும் பலர் கருதுகின்றனர். உயர்தரப் பரீட்சை அண்மிக்கும் நாளில் மாணவர் சிலர் இக்கருத்தை நம்பிக் கண்மூடி அமர்கின்றனர். மனம் வெறுமையாகாமை கண்டு, ‘எமக்கு இது வாய்க்காது’ எனச் சின்னாளிற் கைவிடுகின்றனர்.

இக்கருத்தோடு பொருந்தாத நூற்பெயரொன்று நம் யாழ்ப்பாணத்தில் உண்டு. கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் பாடல்களும் அருளுரைகளும் அடங்கிய நூல் ‘நற்சிந்தனை’ எனப் பெயர் பெற்றது. மோனத்தைத் தம் வாழ்வாகக் கொண்ட ஒரு ஞானியின் நூல், சிந்தனை ஒழிந்த நிலையைப் பெயராகக் கொள்ளாது, நல்ல சிந்தனையைப் பெயராகக் கொண்டது எற்றுக்கு? சிந்தையை அடக்குதலே தியானமாயின் நற்சிந்தனையும் ஒரு சிந்தனை அன்றோ? இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. தியானத்தால் மனச்சுமை குறையுமோ, குறையுமாயின் எவ்வாற்றாற் குறையும் என்னும் வினாவுக்கு விடை இதனுள்ளேயே அடங்கியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், மனவடக்கத்தைப் பற்றித் தமிழில் ஓங்கி ஒலிக்கும் குரலொன்றைக் கருதுவோம். பதினெட்டாம் நூற்றாண்டினராகிய தாயுமானவர், கொடிய விலங்குகளை வயப்படுத்தல் முதலாய அரிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவற்றையெல்லாம் ஒருவன் செய்துவிடினும் மனத்தை நிறுத்தி அமைதியில் நிற்றல் அதனினும் அரிது என முடிக்கும் பாடல் பலரும் அறிந்ததே. மேடைகளில் அப்பாடலை எடுத்தாள்வோர் அதனை ஒரு கட்டளையாகக் கொண்டு, ‘ஆகையால் மனத்தை அடக்குங்கள்’ என உபதேசிப்பர். பாடலை ஊன்றி நோக்குவார்க்கு அது கட்டளை அன்று என்பது புலனாகும். அது ஒரு விண்ணப்பம். தன் முயற்சியால் இயலாமையைக் கண்டவர் இறைவன் முன்னிலையில் வெளியிடும் வாக்குமூலம். மனத்தை அடக்கும் வித்தை தமக்குக் கைவந்தது என்று அவர் சொல்லவில்லை. அருமையை உணர்ந்து அருளை வேண்டினார். அந்த வேண்டுதலை நீக்கிவிட்டு முடிவினை மட்டும் எடுத்துக்கொள்வோர், பாடலின் உயிரை விடுத்து உடலைக் கொண்டவராவர்.

திருமூலர் இதனை வேறொரு முறையில் விளக்குகின்றார். ஒன்பது தந்திரங்களைக் கொண்ட திருமந்திரத்திலே மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை எடுத்துரைக்கின்றது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டனுள் தியானம் ஏழாவதாக நிற்றல் கருதத்தக்கது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய ஒழுக்கங்கள் முதலிலே வைக்கப்பட்டன. இம்முறைவைப்பு ஒரு பழைய சம்பிரதாயம் மாத்திரம் அன்று. அதில் உளநூல் உண்மையொன்று உண்டு. பிறனை வஞ்சித்துவிட்டு வந்து அமர்பவனுடைய மனம் அவ்வஞ்சனையையே சுற்றிச் சுழலும். கடனைத் தீர்க்காதவனுக்குக் கடன்காரன் முகமே தியானப் பொருளாகும். ஒழுக்கத்தால் தீரவேண்டிய கலக்கத்தை மூச்சினால் தீர்க்க முயலுதல், கூரையிலுள்ள ஒழுக்கை அடையாது தரையைத் துடைத்துக்கொண்டிருத்தலை ஒக்கும்.

இனி, நற்சிந்தனை என்னும் பெயர்க்குரிய காரணத்தைச் சைவசித்தாந்தத்தில் தேடுவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரங்களால் அருளிய சிவஞானபோதமும் அதன் வழிவந்த நூல்களும் உயிரின் இலக்கணமாக ஒன்றை வற்புறுத்துகின்றன. உயிர் தனித்து நில்லாது. யாதொன்றைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகும். இதற்குப் பளிங்கினை உவமையாகக் காட்டுவது சித்தாந்த மரபு. செம்பூவின் பக்கத்தில் வைத்த பளிங்கு சிவந்தும், நீலத்தின் பக்கத்தில் வைத்த பளிங்கு நீலமாகவும் தோன்றும். மலத்தைச் சார்ந்த உயிர் மலமயமாகும். சிவத்தைச் சார்ந்த உயிர் சிவமயமாகும். ஒன்றையும் சாராத நிலை உயிருக்கு இல்லை.

இவ்விலக்கணத்தை ஏற்றுக்கொள்வோமாயின், மனத்தை வெறுமையாக்குவேன் என்னும் முயற்சி தொடக்கத்திலேயே பிழைபட்டது என்பது தெளிவாகும். பற்றுதற்கு நல்லதொன்றைக் கொடாவிடத்து, முன்னே பற்றியிருந்த அல்லதையே அது மீண்டும் சென்று பற்றும். ஆதலின் செய்யத்தக்கது வெறுமையாக்குதல் அன்று, சார்பினை மாற்றுதலேயாம். சிந்தையடக்கம் என்பது சிந்தைக்குப் பூட்டிடுதல் அன்று. சிந்தை ஒரு நல்ல பொருளைச் சார்ந்து, அதிலே தோய்ந்து, ஈற்றில் ‘யான் சிந்திக்கின்றேன்’ என்னும் தற்போதம் ஓய்ந்துவிடுதலே சிந்தையடக்கமாம். நற்சிந்தனை வழி, சிந்தையடக்கம் அவ்வழி சென்று சேரும் இடம். வழியையும் இடத்தையும் ஒன்றெனக் கொண்டமையே இன்று நேர்ந்த மயக்கம்.

யோகர் சுவாமிகளின் நூல் இவ்வழியை எவ்வாறு அமைத்துக் காட்டுகின்றது? 1872இல் மாவிட்டபுரத்தில் தோன்றி 1964இல் சமாதியடைந்த சுவாமிகள், இளமையிலே கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றியவர். நல்லூர்த் தேரடியிலே உலகத்தார் பித்தரென ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். பின்னர்க் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தின் கீழ்த் தவமிருந்தவர். அவருடைய பாடல்கள் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இயற்றப்பட்டவை அல்ல. அவ்வப்போது வாய்மொழியாய் எழ, அருகிருந்தோர் எழுதி வைத்தவை பல. இதனாலே நூலிற்குச் சில குணங்களும் சில குறைகளும் ஏற்பட்டன.

குறையை முதலிற் கூறுவோம். பாவிலக்கண நுட்பத்தையும் சொல்லலங்காரத்தையும் எதிர்பார்த்து நூலைத் திறப்பவர் ஏமாற்றமடைவர். சொன்னதையே மீட்டுஞ் சொல்லுதல் நூல் முழுதும் காணப்படும். ஒரு பாட்டின் கருத்தை மற்றொரு பாட்டிற் சிறிதே வேறுபடக் காண்போம். கூறியது கூறலைக் குற்றமென்பது நூன்மரபு. ஆயின், இந்நூல் படித்து முடித்து அலுமாரியில் வைத்தற்கு எழுந்தது அன்று; நாடோறும் பாடுதற்கு எழுந்தது. பாடுவோன் மனம் ஓடுந்தோறும் அதனை அழைத்து வருதற்கு ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும். ஏனைய நூல்களிற் குற்றமாவது இந்நூலிற் கருவியாகின்றது.

அவருடைய பாடல்கள் பலவற்றில் மனத்தையே முன்னிலைப்படுத்திப் பேசும் போக்குக் காணப்படும். அகப்பொருளிலே தலைவி தன் நெஞ்சொடு பேசினாள். பட்டினத்தார் முதலிய துறவியர் தம் நெஞ்சை இடித்துரைத்தனர். யோகர் சுவாமிகளிடத்தில் அவ்விடிப்பினும் நட்பே மிகுந்து தோன்றும். தவறிய பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருவது போலச் சுவாமிகள் மனத்தை அழைப்பார். மனத்தை நோக்கி ‘நீ’ என்று சொல்பவன், தான் மனம் அல்லன் என்பதை அச்சொல்லாலேயே உணர்கின்றான். கோபமும் அச்சமும் மனத்திலே தோன்றின. ஆயினும் நான் அவை அல்லேன் என்னும் இடைவெளி அங்கே பிறக்கின்றது. சுமை குறைவது அவ்விடைவெளியிலேதான். தத்துவ நூல்கள் நீண்ட வாதத்தால் நிறுவுவதை ஒரு விளிச்சொல் செய்துவிடுகின்றது.

நற்சிந்தனை தொண்டோடு பிணைந்திருத்தலும் நோக்கத்தக்கது. சுவாமிகளின் வழியிலே 1935இல் தொடங்கிய மாத இதழ் ‘சிவதொண்டன்’ என்றே பெயர் பெற்றது. 1953இல் யாழ்ப்பாணத்தில் அமைந்த நிலையமும் சிவதொண்டன் நிலையமேயாம். அங்கே தியானத்திற்கெனத் தனி மண்டபம் உண்டு. ஆயினும் மண்டபத்தின் பெயரால் நிலையம் வழங்கவில்லை, தொண்டின் பெயரால் வழங்கிற்று. தம்மை நாடிவந்த ஆசிரியரையும் வைத்தியரையும் விவசாயியையும் உத்தியோகத்தரையும் அவரவர் கருமத்தைச் சிவதொண்டாகச் செய்க என்றே சுவாமிகள் ஆற்றுப்படுத்தினார். இருந்து செய்யும் தியானமும் எழுந்து செய்யும் தொழிலும் அவருக்கு இருவேறு வாழ்க்கைகள் அல்ல.

இக்கருத்திற்கு உரைகல்லாவது அச்சுவேலிக்கு அண்மையிலேயே உண்டு. இங்கிருந்து வடபாற் சென்றால் தொண்டைமானாற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தை அடையலாம். அங்கே பூசகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரம் ஒலியாது, மௌனமாகவே பூசை செய்வர். கதிர்காமத்து மரபும் இதுவே. இம்மௌனம் வெறுமை ஆகுமோ? வாய் அடங்கிற்று, கை மலரிடுகின்றது, கண் வேலினை நோக்குகின்றது, நெஞ்சு ஒன்றையே பற்றி நிற்கின்றது. வெளியிலே அடியார் கூட்டத்தின் அரோகரா ஒலியும் காவடியின் ஆரவாரமும் எழுந்தவண்ணமே இருக்கும். உலகத்து ஒலிகள் யாவும் ஓய்ந்த பின்னரே அமைதி கிடைக்கும் எனக் காத்திருப்பார்க்கு அப்பூசை ஒரு பாடமாகும். அதே கந்தனை அன்னதானக் கந்தன் என அடியார் போற்றுதலும் கருதுக. மௌனமும் சோறும் ஒரே சந்நிதியில் நிகழ்கின்றன. முன்னது பின்னதற்கு இடையூறு அன்று.

சிவாகமக் கிரியை முறையும் இதனையே உணர்த்தும். அச்சுவேலியூரவரும் கிரியை நூல்கள் பல இயற்றியவருமாகிய குமாரசுவாமிக் குருக்களை அறியாத சைவ அந்தணர் இந்நாட்டிற் சிலரே. அவர் போன்றோர் பேணிய கிரியை மரபிலே, ஆவாகனத்தின் முன்னர்ச் செய்யப்படும் அங்கமொன்றிற்குத் தியானம் என்றே பெயர். மூர்த்தியின் திருமுகம், திருக்கரம், நிறம், ஆயுதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக உளத்திலே வரைந்து காணுதலே அது. நம் ஊர்க் கோயிலில் நாடோறும் நிகழும் தியானம் பொருளில்லா வெறுமை அன்று, பொருள் நிறைந்த நினைவு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, மேனாட்டு மருத்துவர் இதுபற்றிக் கண்டது யாது என நோக்குவோம். உளநெருக்கீடு உடலைத் தாக்கும் முறையை ஹான்ஸ் செலியே 1936இலிருந்து ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அபாயம் நேர்ந்தவிடத்து இதயத் துடிப்பும் குருதி அமுக்கமும் உயர்தல் இயற்கையான காவல். அபாயம் நீங்கிய பின்னும் அக்காவல் ஓயாதிருப்பின் உடலே தளர்ந்து நோயுறும். ஹார்வட் பல்கலைக்கழகத்து ஹேபேட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லை மெல்ல மெல்ல மீட்டுரைத்து, வேறு நினைவு வந்தவிடத்து அதனோடு போராடாது மீண்டும் அச்சொல்லுக்கே திரும்பும் பயிற்சியால் அக்காவல் தளர்ந்து மூச்சும் நாடியும் அமைதியுறும் என விளக்கினார். ஜோன் கபற்-சின் 1979இல் மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தொடங்கிய முறை, பௌத்த மரபினின்று எடுத்துக்கொண்டது. மூச்சிலே கவனத்தை வைத்தல் அதன் அடிப்படை. இவ்விரு முறையும் மனத்தை வெறுமையாக்கச் சொல்லவில்லை என்பது நம் ஆராய்ச்சிக்கு முக்கியம். ஒன்று சொல்லைச் சார்பாகக் கொடுத்தது. மற்றது மூச்சைச் சார்பாகக் கொடுத்தது. சித்தாந்தம் அறியாதாரும் ஆய்வுச்சாலையில் சார்பின் இன்றியமையாமையைக் கண்டனர்.

அவர் கண்ட பயனின் அளவையும் மிகைப்படாது அறிதல் வேண்டும். 47 பரிசோதனைகளையும் அவற்றிற் பங்குபற்றிய 3,515 பேரையும் பற்றி 2014இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று, தியானப் பயிற்சியால் பதகளிப்பும் மனச்சோர்வும் நோவும் ஓரளவு குறைகின்றன என முடிவு கூறியது. தேகப்பயிற்சி, மருந்து முதலிய ஏனைய பரிகாரங்களினும் அது சிறந்தது என்பதற்குச் சான்று காணவில்லை. தியானம் பயனுடையது, சர்வரோக நிவாரணி அன்று என்பதே இதன் சாரம்.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராகவும் ஆசிரியராகவும் விளங்கிய தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றினோரும், யுத்தத்தால் உளம் நொந்தோர்க்கு மந்திரத்தை மீட்டுரைத்தல், மூச்சுப் பயிற்சி முதலிய மரபு வழித் தளர்வுப் பயிற்சிகளை அவரவர் சமயத்திற்கேற்பப் பயன்படுத்தினர். அந்நியமான ஒரு மருந்தாக அன்றித் தன் பாட்டி சொல்லித் தந்த திருநாமமாக அது வந்தபோது நோயாளி அதனை எளிதில் ஏற்றான்.

இவ்விடத்தில் இருவகை ஆட்சேபங்கள் எழும். வீடுபேற்றிற்குரிய தியானத்தைத் தலையிடிக்கும் நித்திரையின்மைக்கும் மருந்தாக்குதல் இழிவு என்பர் ஒருசாரார். சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிமுறை வகுத்த சமயம் இவ்வாறு கடிந்து பேசாது. காய்ச்சல் தீரவேண்டி நேர்த்தி வைத்துக் கோயிலுக்குச் சென்றவன் பின்னர் அன்பின் பொருட்டே செல்பவனாதல் உண்டு. எளிய தேவையால் வாயிலை அடைந்தவனை வாயிலிலேயே தடுத்தல் அருளாளர் செயல் அன்று.

மற்றொரு சாரார், எத்துன்பத்தையும் தியானத்தாலே தீர்க்கலாம் என்பவர். இவர்க்கு விடை கூறுதல் நம் மண்ணில் மிக அவசியம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத முடிவில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்து நடந்ததை அச்சுவேலியார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. யுத்தம் 2009இல் முடிந்தது. காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்திய தாய்மாரின் காத்திருப்பு முடியவில்லை. செல்லப்பா சுவாமிகளிடமிருந்து யோகர் சுவாமிகள் வழியாக வந்த நான்கு மகாவாக்கியங்களுள், தீங்கென்று ஒன்றும் இல்லை என்னும் பொருள்பட ஒன்றும், யாவும் என்றோ நிறைவேறிவிட்டன என்னும் பொருள்பட ஒன்றும் உள்ளன. அத்தாய் முன் நின்று இவற்றை உபதேசிக்கலாமோ? கூடாது என்பதே என் துணிபு. வாக்கியத்தில் உண்மை இல்லை என்பதனால் அன்று. அது யார் யாருக்குச் சொன்னது என்பதை மறத்தலாகாது என்பதனால். தேரடியிலே பழுத்த குரு, பக்குவமடைந்த சீடனுக்கு அருளியது அது. ஒருவன் தன் துன்பத்தை நோக்கித் தானே சொல்லிக்கொள்ளும்போது அது ஞானம்; பிறன் துன்பத்தை நோக்கிச் சொல்லும்போது அது கன்னெஞ்சம். மகாவாக்கியம் கண்ணீரைத் துடைக்கும் கைக்குப் பதிலாகாது.

கண்மூடி அமர்ந்தவிடத்துக் கொடிய காட்சிகள் மீண்டும் எழுந்து சிலரை வருத்துதலும் உண்டு. அவர்க்குக் கண்ணைத் திறத்தலும், பக்கத்தில் ஒருவர் அமர்தலும், வைத்தியரை நாடுதலுமே முதற் பரிகாரம். அத்தகையோரை நோக்கி, ‘பக்தி போதாது, இன்னும் தியானஞ் செய்’ என்று சொல்பவர் நோயோடு குற்றவுணர்ச்சியையும் சேர்த்துக் கொடுப்பவராவர்.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். நம் செம்மண் நிலத்தின் கீழே சுண்ணாம்புப் பாறையுள் மழைநீர் தங்குகின்றது. கடலின் உவர்நீர்மேல் அந்நன்னீர் மெல்லியதோர் அடையாக மிதந்து நிற்கின்றது. அளவோடு இறைப்பவன் இனிய நீரைப் பெறுவான். ஆசையால் இடைவிடாது இயந்திரத்தால் இறைப்பவன் கிணற்றில் உவர் மேலெழும், தோட்டம் கருகும். நன்னீரை உண்டாக்கியது இறைத்தல் அன்று, மாரியிலே நிலம் உண்ட மழையே என்பதை நம் கமக்காரர் அறிவர். தியானம் இறைத்தலை ஒக்கும்; நல்லொழுக்கமும் நற்சிந்தனையும் தொண்டும் மழையை ஒக்கும். ஆண்டு முழுதும் மழையை உண்ணாத மனத்திலே பரீட்சைக்கு முதனாள் வாளியை இறக்கினால் உவரே வரும்.

ஆதலின், காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் அமர்க. மனம் வெறுமையாகவில்லையே என்று வருந்தற்க. அது வெறுமையாதற்கு உரியது அன்று. நல்லதொரு நாமத்தை அதற்குக் கொடுக்க. ஓடினாற் சினவாது அழைத்து வருக. பின்னர் எழுந்து சென்று அன்றைய கருமத்தைச் செவ்வனே செய்க. அமர்ந்த பொழுதின் தூய்மை, எழுந்து செய்யும் செயலிலேதான் அளந்தறியப்படும்.